பாங்காக்கில் ஏதோ இடிக்கிறதா? அறிகுறியை வைத்து ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

சென்னையில் விமானம் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் பாங்காக். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா இல்லாத நுழைவு தொடங்கியதிலிருந்து, தாய்லாந்தே முதல் வெளிநாட்டுப் பயணம் என்று கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். (விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) அங்குள்ள மக்களில் பெரும்பாலோர் பண்பானவர்கள். ஆனால் சில தெருக்களிலும் கடற்கரைகளிலும் சுற்றுலாப் பயணியை மட்டுமே குறிவைத்துப் பிழைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் பேசும் வசனங்கள் பல ஆண்டுகளாக மாறவில்லை. அதனால்தான் இப்படி ஒரு வழிமுறை எழுத முடிகிறது: காதில் விழுந்த வசனத்தை வைத்தே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் நீங்கள் கேட்கக்கூடிய ஒரு வாசகம் அல்லது பார்க்கக்கூடிய ஒரு நிலைமை. உங்களுக்கு நேர்ந்தது எது என்று தேடி அந்தப் பகுதியைப் படித்தால் போதும். எதிலும் அடங்காத ஏதாவது நடந்தால் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆளிடம் நான் போனேனா, அவர் என்னிடம் வந்தாரா? அவர் வந்த பிறகு நான் போக நினைத்த இடம் மாறியதா? அவரே வந்தார், என் திட்டமும் மாறியது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பணம் கைமாறுவதற்கு வெகுநேரம் முன்பே திட்டம் கைமாறிவிடுகிறது. விலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

## வருகை அட்டைக்கு இணையதளம் பணம் கேட்கிறது

2025 மே 1 முதல் தாய்லாந்துக்கு வரும் வெளிநாட்டவர் அனைவரும் இணையவழி வருகை அட்டையை நிரப்ப வேண்டும். டி.டி.ஏ.சி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. தேடுபொறியில் தேடினால் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் அரசுத் தளத்தைப் போலவே கருடச் சின்னமும் கொடியும் வைத்துக்கொண்டு டாலரில் பணம் கேட்கும். சில தளங்கள் "சேவைக் கட்டணம்" என்று அடியில் பொடி எழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொள்கின்றன.

முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். வருகை அட்டைக்கான உண்மையான தளம் "ஜிஓ" புள்ளி "டிஹெச்" (.go.th) என்றே முடியும். குடிவரவுத் துறையின் தளம் அது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், வங்கியை அழைத்து, பணம் கட்டிய வங்கி அட்டையை முடக்கச் சொல்லுங்கள். அரசுத் தளத்தில் மறுபடியும் நீங்களே நிரப்புங்கள். பணம் வாங்கியவர் நிரப்பியிருப்பார் என்று நம்பி விமானம் ஏற வேண்டாம். இந்தியாவிலிருந்து கட்டிய பணம் என்றால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் பதியலாம்.

## டாக்ஸி ஓட்டுநர் மீட்டரைத் துணியால் மூடியிருக்கிறார்

"மீட்டர் வேலை செய்யாது", "இந்த நேரத்தில் நெரிசல், 400 பாட்" என்பவை இதன் வேறு வடிவங்கள். (பாட் என்பது தாய்லாந்தின் நாணயம்.) பாங்காக்கில் சாதாரண டாக்ஸியின் மீட்டர் 35 பாட்டில் தொடங்குகிறது. நகருக்குள் நான்கைந்து கிலோமீட்டருக்கு மீட்டர்படி வருவதையும் கேட்ட தொகையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பல மடங்கு இருக்கும்.

கதவைத் திறந்து, உட்காரும் முன்பே "மீட்டர்?" என்று ஒரு சொல் கேளுங்கள். தலையாட்டினால் ஏறுங்கள். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டி. வாக்குவாதம் தேவையில்லை; சாலையில் டாக்ஸிகளுக்குப் பஞ்சமில்லை. கிராண்ட் பேலஸ் எனப்படும் அரண்மனையின் வாசலிலும் பெரிய ஹோட்டல்களின் முன்பும் நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் வண்டிகளை விட, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கைகாட்டி நிறுத்துவது நல்லது. கிராப், போல்ட் செயலிகளில் கட்டணம் முன்பே தெரிந்துவிடும்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் வருகைக் கூடம் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. அங்கேயே "டாக்ஸி, டாக்ஸி" என்று அருகில் வருபவர்களைக் கண்டுகொள்ளாமல் முதல் தளத்துக்கு இறங்குங்கள். வெளியே ஓர் இயந்திரம் சீட்டு ஒன்றைத் தரும். அதில் எந்த வரிசை எண்ணில் உங்கள் வண்டி நிற்கிறது என்று இருக்கும். ஓட்டுநர் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் பார்ப்பார். கொடுக்காதீர்கள். வண்டி விவரமும் புகார் செய்யும் வழியும் அதில்தான் இருக்கின்றன. சீட்டு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது என்று தெரிந்த ஓட்டுநர் பெரும்பாலும் ஒழுங்காக ஓட்டுவார். மீட்டருக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும், விரைவுச்சாலைச் சுங்கமும் கேட்பது முறையானதுதான். அதை ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம். போக்குவரத்துத் துறையின் புகார் எண் 1584. பெட்டிகள் குறைவாக இருந்தால் விமான நிலைய ரயிலே போதும். பயா தாய் நிலையம் வரை 45 பாட்.

டுக்டுக் என்ற மூன்று சக்கர ஆட்டோவுக்கு மீட்டர் கிடையாது. ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிக் காட்ட 20 பாட் போதும் என்று ஓட்டுநர் சொன்னால் அது சலுகை அல்ல, அடுத்த பகுதியின் ஆரம்பம்.

## "அரண்மனை இன்று மூடியிருக்கிறது"

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாங்காக்கில் பயணிகள் பெரும் பணத்தை இழக்கும் இடங்களில் இது ஒன்று. நடத்துபவர்களின் திறமையும் சாதாரணமானதல்ல.

அரண்மனையின் வெள்ளை மதில் ஓரமாக நடந்துகொண்டிருக்கிறீர்கள். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கனிவான முகம் கொண்ட ஒருவர் எதிரே வருகிறார். "எந்த ஊர்? இந்தியாவா? அரண்மனையா? அடடா, காலையில் பிக்குகளின் பூஜை நடக்கிறது. வெளிநாட்டவருக்கு ஒன்றரை மணிக்குத்தான் திறப்பார்கள்." உங்களைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை அவர். உங்கள் கையிலிருக்கும் வரைபடத்தை வாங்கி, "அதுவரை இந்த நின்ற புத்தரைப் பார்த்துவிட்டு வாருங்கள், இன்று புண்ணிய நாள்" என்று வட்டம் போட்டுத் தருகிறார். அந்தப் பக்கம் வரும் டுக்டுக் ஒன்றைக் கூப்பிட்டு, தாய்லாந்து மொழியில் பேரம் பேசி, "20 பாட்தான், காத்திருந்து திருப்பிக் கொண்டுவந்து விடுவார்" என்கிறார். ஒரு பைசா கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஏறுகிறீர்கள்.

முதல் கோயில் உண்மையான கோயில். வாட் இந்திரவிஹான் என்றால் 32 மீட்டர் உயர நின்ற புத்தர் அங்கே இருக்கவே செய்கிறார். அங்கே கூட்டமில்லை. நிழலில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஆசிரியர் என்பார், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தேன் என்பார். பேச்சுவாக்கில் அவர் சொல்வது: "அரசின் நகை ஏற்றுமதித் திட்டம் இன்றோடு முடிகிறது. வரி இல்லை. நான் வாங்கி லண்டனில் விற்றேன், இரட்டிப்புப் பணம்." இவருக்கும் முதலில் பார்த்தவருக்கும் தொடர்பு இருப்பதாக உங்களுக்குத் தோன்றாது. ஒரே செய்தியை இரண்டு அந்நியர்கள் தனித்தனியாகச் சொன்னதால் அது உண்மை என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அதன் பிறகு டுக்டுக் ஓட்டுநர் எதுவும் சொல்லாமலே கடை வாசலில் நிறுத்துகிறார்.

இந்தப் பொய் எடுபடுவதற்குக் காரணம் அதன் அடியில் உண்மை இருப்பது. நீலக்கல்லையும் மாணிக்கத்தையும் பட்டை தீட்டி விற்பதில் தாய்லாந்து உலக அளவில் பெயர் பெற்றது. சந்தபுரி நகரமே கற்களின் சந்தை. கடையில் விற்பதும் பெரும்பாலும் உண்மையான நீலக்கல்தான். தரம் மட்டும் மட்டம், விலை பல மடங்கு. ரசீதில் "நீலக்கல்" என்றிருக்கும், பரிசோதனையிலும் நீலக்கல் என்றே வரும். பிறகு "சுங்கத்தில் தொல்லை வரும், நாங்களே தபாலில் அனுப்பிவிடுகிறோம், விற்கும் நாள் வரை உறையைப் பிரிக்க வேண்டாம், பிரித்தால் மதிப்புப் போய்விடும்" என்பார்கள். நீங்கள் பாங்காக்கில் இருக்கும்போதே உண்மை தெரிந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இப்போது சரிசெய்யும் வழி. நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

மதிலோரத்தில் நிற்கிறீர்கள் என்றால், சிரித்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நா பிரா லான் சாலையிலுள்ள விசேத் சாய் ஸ்ரீ வாயிலுக்கு நீங்களே போய்ப் பாருங்கள். அரண்மனை நாள்தோறும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை திறந்திருக்கும்; வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட். அரச சடங்குகளுக்காக மூடும் நாட்களும் உண்டு. அப்போது அதை வாயிலில் சீருடையில் நிற்கும் காவலர் சொல்வார், அரண்மனையின் இணையதளமும் சொல்லும். தெருவில் நடந்து வருகிறவர் சொல்ல வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திக்கொண்டு போனால், "இந்த உடையில் விடமாட்டார்கள், என்னிடம் வாடகைக்கு இருக்கிறது" என்பவருக்கும் வேலை இல்லாமல் போகும். சனம் சாய் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

டுக்டுக்கில் இருக்கிறீர்கள் என்றால், முதல் கோயிலிலேயே பேசிய காசைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்ளுங்கள். "ஐந்து நிமிடம் உள்ளே பார்த்தால் போதும், எனக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும்" என்று ஓட்டுநர் கெஞ்சுவார். கூப்பன் கிடைப்பது உண்மைதான். அவருடைய வறுமையும் உண்மையாக இருக்கலாம். உதவ மனம் வந்தால் 50 பாட் கையில் கொடுங்கள், கடைக்குள் மட்டும் போகாதீர்கள்.

கடைக்குள் இருக்கிறீர்கள் என்றால், தேநீர் குடித்ததற்காக எதையும் வாங்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எழுந்து வெளியே வாருங்கள். அரசு நடத்தும் நகைக்கடை என்று தாய்லாந்தில் ஒன்றுமே கிடையாது. அப்படி யார் சொன்னாலும் அங்கே பேச்சு முடிந்தது.

வாங்கிவிட்டீர்கள் என்றால் நேரம்தான் முக்கியம். அன்றே 1155 என்ற சுற்றுலாக் காவல் எண்ணை அழைத்து, அவர்கள் துணையோடு கடைக்குத் திரும்பியவர்களுக்குப் பணத்தின் பெரும்பகுதி கிடைத்திருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு எழுதும் மின்னஞ்சல்களுக்குப் பதிலே வராது. கல்லின் தரத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் சீலோம் சாலையில் தாய்லாந்து ரத்தினக்கல் மற்றும் நகை நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கல் போலி என்று நிரூபிப்பதை விட, அரசுத் திட்டம் என்று பொய் சொல்லி விற்றார்கள் என்பதைப் புகாரில் அழுத்திச் சொல்லுங்கள். அங்கேதான் அவர்களுடைய பலவீனம் இருக்கிறது.

தையற்கடைக்குக் கூட்டிப்போவதும் இதே சங்கிலிதான், தொகை சிறியது. சுகும்வித் சாலையில் "வணக்கம் அண்ணா" என்று கூப்பிட்டுக் கையைப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். தாய்மொழி கேட்டதும் நமக்கு மனம் இளகிவிடுகிறது. அவர் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான்.

## "பொதுப் படகு இன்று ஓடாது"

தா சாங், தா தியன், சாத்தோன் படகுத்துறைகளின் அருகே கேட்கும் வசனம். சாவோ பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடிப் படகின் கட்டணம் 16 பாட். உங்களுக்கு விற்கப் பார்ப்பது ஆயிரத்துக்கு மேல் போகும் தனிப் படகுப் பயணம். துறையின் உள்ளே வரை போய், கட்டணப் பலகையையும் வரிசையில் நிற்கும் உள்ளூர் மக்களையும் பாருங்கள். அவர்கள் நின்றால் படகு வரும்.

தம்னன் சதுவாக் மிதக்கும் சந்தைக்கு டாக்ஸி பிடித்துப் போனால், சந்தைக்கு முன்பே ஒரு தனியார் துறையில் இறக்கிவிட்டு "இங்கிருந்து படகில்தான் போக முடியும்" என்பார்கள். சந்தை வரை சாலை இருக்கிறது. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டி, அங்கேயே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

## "உங்கள் ஊர் ரூபாய் நோட்டைப் பார்க்கலாமா?"

குடும்பமாக வந்த வெளிநாட்டுப் பயணிகள் போலத் தெரிவார்கள். குழந்தைகூட இருக்கும். இந்தியாவுக்கு வரப்போகிறோம், பணம் எப்படி இருக்கும் என்று காட்டுங்கள் என்பார்கள். நீங்கள் பர்ஸைத் திறந்ததும் அவர்கள் விரல் உள்ளே வரும். எண்ணிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாகவே தோன்றும். அறைக்குப் போய்ப் பார்த்தால் நடுவிலிருந்த பெரிய நோட்டுகள் இருக்காது. தெருவில் யாருக்காகவும் பர்ஸைத் திறக்காதீர்கள். அவ்வளவுதான்.

ஏ.டி.எம். பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். அது ஏமாற்று அல்ல. ஆனால் "ரூபாயில் மாற்றிக் கணக்கிடவா?" என்று திரை கேட்கும்போது வேண்டாம் என்ற பொத்தானை அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்கு நஷ்டம்.

## "என் தங்கை உங்கள் ஊருக்கு வேலைக்கு வருகிறாள்"

வணிக வளாகத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் உங்கள் சட்டையையோ கைப்பையையோ பாராட்டிப் பேச்சைத் தொடங்குவார். எந்த ஊர் என்று கேட்டுச் சென்னை என்றதும் முகம் மலரும். "என் தங்கைக்குச் சென்னை மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. அம்மா பயப்படுகிறார். வீட்டுக்கு வந்து ஊர் நல்ல ஊர் என்று இரண்டு வார்த்தை சொல்லுங்களேன்." மறுக்க மனம் வராத வேண்டுகோள். அவர் பிலிப்பைன்ஸ்காரராகவோ மலேசியராகவோ இருக்கலாம். இதே நாடகம் கோலாலம்பூரிலும் மணிலாவிலும் ஹோ சி மின் நகரத்திலும் நடக்கிறது.

வீட்டில் சாப்பாடு உண்டு. தங்கை மட்டும் "இதோ வந்துவிடுவாள்". மாமா ஒருவர் வருவார், சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுபவர். விளையாட்டாகத் தந்திரம் ஒன்றைச் சொல்லித் தருவார்: எதிராளியின் சீட்டு என்ன என்பதை அவர் விரல் அசைவால் காட்டுவார். சற்று நேரத்தில் புரூனேயிலிருந்து பணக்கார வியாபாரி ஒருவர் தற்செயலாக வந்து சேர்வார். முதல் சில சுற்றுகளில் நீங்கள் ஜெயிப்பீர்கள், மாமாவே உங்களுக்கு முதல் போட்டிருப்பார். கடைசிச் சுற்றில் உங்கள் கையில் தோற்கவே முடியாத சீட்டு. வியாபாரி பெட்டியைத் திறந்து கட்டுக்கட்டாகப் பணத்தை வைத்து, "உன் பணத்தைக் காட்டு" என்பார். சீட்டுகளை உறையில் போட்டு மூடி வைத்துவிட்டு, உங்களை ஏ.டி.எம்.முக்கும் நகைக்கடைக்கும் கூட்டிப்போவார்கள். கடன் அட்டையில் தங்கம் வாங்கச் சொல்வதற்குக் காரணம், நகைக்கடையில் நீங்களே நேர்மையாக வாங்கிய பொருளுக்கு வங்கி பணத்தைத் திருப்பித் தராது என்பதுதான்.

முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போகாமல் இருப்பதே முழுத் தீர்வு. சந்திக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், "தங்கையையும் அம்மாவையும் என் ஹோட்டல் வரவேற்பறைக்கு அழைத்து வாருங்கள்" என்று சொல்லுங்கள். பேச்சு அங்கேயே அறுந்துவிடும். வீட்டுக்குள் போய்விட்டீர்கள், சீட்டுக்கட்டு மேசைக்கு வந்துவிட்டது என்றால், வயிறு சரியில்லை என்று எழுந்து கிளம்புங்கள். பணம் எடுக்க வெளியே கூட்டி வந்தார்கள் என்றால், வங்கிக்குள்ளோ வணிக வளாகத்தின் காவலரிடமோ போய் நின்றுவிடுங்கள். பொது இடத்தில் அவர்கள் உங்களைப் பிடித்து வைக்க மாட்டார்கள்.

ஏமாந்தவர்கள் புகார் செய்யாமல் இருப்பதே இந்தக் கூட்டத்தின் காப்பு. தாய்லாந்தில் சூதாட்டம் குற்றம். 1935ஆம் ஆண்டின் சீட்டுக்கட்டுச் சட்டப்படி 120 சீட்டுகளுக்கு மேல் அனுமதியின்றி வைத்திருப்பதே தவறு. "நானும் ஆடினேனே, நானும் கள்ளாட்டத்துக்குச் சம்மதித்தேனே" என்ற கூச்சத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இது திட்டமிட்ட மோசடி என்பது சுற்றுலாக் காவலருக்கு நன்றாகவே தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

## ஜெட் ஸ்கியைத் திருப்பிக் கொடுத்ததும் "இந்தக் கீறல் நீ போட்டதுதான்" என்கிறார்கள்

பட்டாயா, புக்கெட்டின் பதோங், கோ சமுய். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரையேறுகிறீர்கள். வாடகைக்கு விட்டவர் வண்டியைக் கவிழ்த்து அடிப்பாகத்தில் ஒரு கீறலைக் காட்டுகிறார். பல்லாயிரம் பாட் கேட்கிறார். நான்கைந்து பேர் சுற்றி நிற்கிறார்கள். உங்கள் பாஸ்போர்ட் அவர்கள் மேசையில் இருக்கிறது.

பழைய கீறலுக்குப் பலரிடம் பணம் வாங்கியிருப்பார்கள். வண்டியை எடுக்கும் முன் அடிப்பாகம் உட்பட முழுவதையும் அவர்கள் எதிரிலேயே வீடியோ எடுங்கள். அடிப்பாகத்தைக் காட்ட மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். பாஸ்போர்ட்டை ஒருபோதும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். நகலும் முன்பணமும் போதாது என்பவரிடம் வாடகைக்கு எடுக்காதீர்கள். சண்டை வந்துவிட்டால் குரலை உயர்த்தாமல் 1155-ஐ அழைத்து, அவர்கள் வரும் வரை எதிலும் கையெழுத்துப் போடாமல் நில்லுங்கள். அந்த நேரத்தில் வந்து சமாதானம் பேசுகிற "நடுநிலை" மனிதர் பெரும்பாலும் அவர்கள் ஆள்.

ஸ்கூட்டர் வாடகைக்கும் இதே விதி. கூடவே ஒன்று: இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், பயணக் காப்பீடு கைவிட்டுவிடும். மருத்துவமனைச் செலவோடு ஒப்பிட்டால் கீறல் பணம் ஒன்றுமே இல்லை.

## "உள்ளே இலவசம், பீர் 100 பாட்"

பாங்காக்கின் இரவு விடுதிப் பகுதியான பட்போங்கில் மாடிப் படிகளின் கீழே நின்று விலை அட்டையைக் காட்டிக் கூப்பிடுவார்கள். பில் ஆயிரக்கணக்கில் வரும், கதவருகே ஆட்கள் நிற்பார்கள். குடித்ததற்கு மட்டும் அட்டையில் இருந்த விலைப்படி பணத்தை வைத்துவிட்டு, சுற்றுலாக் காவலரை அழைக்கிறேன் என்று எண்ணை அழுத்துங்கள். ஆபத்து என்று தோன்றினால் கொடுத்துவிட்டு வெளியே வந்து அழைக்கலாம். உயிரை விடப் பணம் பெரிதல்ல. வீட்டில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தால் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். சுற்றுலாக் காவலர் உங்கள் வீட்டுக்குத் தகவல் சொல்வதில்லை.

## சீருடையில் வந்தவர் தெருவிலேயே அபராதம் கேட்கிறார்

சிகரெட் துண்டைப் போட்டீர்கள், பாஸ்போர்ட் கையில் இல்லை என்று ஏதாவது காரணம் இருக்கும். அவர் உண்மையான அதிகாரியாகவே இருக்கலாம், நீங்கள் தவறும் செய்திருக்கலாம். சோதனை ஒன்றுதான்: "காவல் நிலையத்துக்கு வந்து கட்டுகிறேன், ரசீது கொடுங்கள்." உண்மையான அபராதத்துக்கு ரசீது உண்டு.

## வேலைக்கு அழைக்கிறார்கள், ஆனால் சுற்றுலாப் பயணியாக வரச் சொல்கிறார்கள்

மேலே சொன்னவற்றில் போவது பணம். இதில் மனிதர்களே போய்விடுகிறார்கள். பயண ஏமாற்று என்று தலைப்பிட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாங்காக்கில் கணினி வேலை, மாதம் ஆயிரம் டாலர், டிக்கெட் அவர்களே எடுத்துத் தருகிறார்கள். நேர்காணல் டெலிகிராமில், தட்டச்சு வேகமும் ஆங்கிலமும் மட்டும் பார்த்தார்கள். விமான நிலையத்தில் கார் காத்திருக்கிறது. கார் நகரத்துக்குள் போகாமல் வடமேற்கே ஏழெட்டு மணி நேரம் ஓடி மே சோட் என்ற எல்லை நகரத்தை அடைகிறது. அங்கே மோய் ஆறு. அக்கரையில் மியான்மரின் மியாவடி. ஆற்றைக் கடந்தவர்களை ஆயுதக் காவலுக்குள் அடைத்து வைத்து, உலகெங்கும் உள்ளவர்களை இணையத்தில் ஏமாற்றும் வேலையைச் செய்யவைக்கிறார்கள். மறுத்தால் அடி. 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்திறங்கிய 13 பேரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்துவர வேண்டியிருந்தது.

கிளம்பும் முன் என்றால் சோதனை எளிது. சுற்றுலாவாக நுழைந்து வேலை செய்யத் தாய்லாந்துச் சட்டம் அனுமதிப்பதில்லை. நேர்மையான நிறுவனம் முதலில் வேலை விசாவுக்கான தாள்களை அனுப்பும். முகவரின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிலும் கேட்கலாம். "என் நண்பன் அங்கேதான் இருக்கிறான், நல்ல வேலை என்று சொன்னான்" என்பதை நம்பி அனுப்பாதீர்கள். ஆள் சேர்த்துவிட்டால் விடுகிறோம் என்று மிரட்டப்பட்டவர்களும் அப்படிப் பேசியிருக்கிறார்கள்.

காரில் இருக்கிறீர்கள் என்றால், இருப்பிடத்தை வீட்டுக்கு நேரலையாகப் பகிருங்கள். பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்கு என்று இறங்குங்கள். தாக் நகரத்திலிருந்து மே சோட்டுக்குப் போகும் சாலையில் சோதனைச் சாவடிகள் உண்டு. அங்கே சீருடையில் இருப்பவரிடம் பாஸ்போர்ட்டை நீட்டி உதவி கேளுங்கள். 1155-ஐ அழையுங்கள். எந்தச் சமாதானம் சொன்னாலும் ஆற்றைக் கடக்காதீர்கள். அக்கரையில் தாய்லாந்துக் காவலருக்கு அதிகாரம் இல்லை.

## பணம் போய்விட்டது, இனி என்ன?

முதலில் வங்கி. அட்டையை முடக்கி, அந்தப் பரிவர்த்தனையை மறுக்கிறேன் என்று சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். இதைக் காவல் நிலையத்துக்குப் போகும் வழியிலேயே செய்துவிடலாம்.

பிறகு 1155. இருபத்துநான்கு மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். கடையின் பெயர்ப் பலகை, டுக்டுக்கின் எண், ரசீது, பேசிய ஆளின் படம் எது கிடைத்தாலும் உதவும். படம் எடுக்கிறேன் என்று அவர்களோடு மோதலுக்குப் போக வேண்டாம். எதிர்த் தெருவிலிருந்து எடுத்தாலும் போதும். பாஸ்போர்ட் போயிருந்தால் காவல் புகாரின் நகலோடு சுகும்வித் 23ஆம் சந்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். நகல் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள், ஒரு நாள் வீணாகும்.

காப்பீட்டு நிறுவனங்கள் திருட்டுக்கான இழப்பீட்டுக்குக் காவல் புகாரைக் கேட்கும், அதுவும் நடந்த நாட்டில் கொடுத்ததாக இருக்க வேண்டும். புகார் தாய்லாந்து மொழியில் எழுதப்பட்டிருந்தால் முத்திரையும் புகார் எண்ணும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று அங்கேயே சரிபார்த்து, படமெடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு நிலையத்தை விட்டுக் கிளம்புங்கள்.